பள்ளியில் குப்பைத் தொட்டி வாங்குவதற்கு முன்

மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியும் மக்காத குப்பைக்கான நீலத் தொட்டியும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கவிழ்வதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு மறுசுழற்சியைப் பற்றி என்ன சொன்னாலும் காதில் ஏறாது. "எப்படியும் ஒண்ணாத்தானே கொட்டப் போறாங்க, டீச்சர்" என்ற ஒரே வரியில் ஒரு பருவத்துப் பாடம் முடிந்துவிடும். நடுநிலைப் பள்ளி ஒன்றில், குப்பையைக் குறைத்து, பிரித்து, உரமாக்கும் இந்த வேலையைத் தனி ஆளாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தபோது இதை முன்கூட்டிச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி போனது. தொட்டி, சிமெண்ட் உறை, மண்புழு, கையுறை என்று கைக்காசு எட்டாயிரத்துக்கு மேல் போனது. காசு போனதைவிட மனசு விட்டுப்போனதுதான் அதிகம் வலித்தது. பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் என்று எந்தப் பெயரிலாவது இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக, எந்த வரிசையில் செய்தால் வேலை நிலைக்கும், எது எங்கே ஏன் கெட்டுப்போகும் என்பதை எழுதுகிறேன்.

முதல் வேலை தொட்டி வாங்குவதல்ல, குப்பை வெளியேறும் வழியைக் கண்டுபிடிப்பது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை (பேட்டரி, காலாவதி மருந்து போன்றவை) என்று உருவாகும் இடத்திலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டன. ஆனால் உங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் நடுத்தடுப்பு இருக்கிறதா என்பதை நாம்தான் வாசலில் நின்று பார்க்க வேண்டும். நகராட்சி என்றால் சுகாதார ஆய்வாளரையும், கிராமம் என்றால் ஊராட்சிச் செயலரையும் தூய்மைக் காவலரையும் நேரில் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். மக்காத குப்பையை எந்தக் கிழமை எடுப்பீர்கள்? அது எங்கே போகிறது? நாங்கள் தனியாகக் கட்டிவைத்தால் தனியாகவே எடுப்பீர்களா? பதிலைத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதமாக எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுநர் மாறும்போதெல்லாம் அந்த நகல்தான் பேசும். அடுத்து, பக்கத்துக் காயலான் கடை. அதற்கடுத்து, பள்ளிக்கு அருகில் மாடு வைத்திருப்பவர். இந்த மூன்று வாசலும் திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் தொட்டி. அந்தத் தொட்டியும் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை. காலி பெயிண்ட் வாளியும் அரிசிச் சாக்கும் தாராளமாகப் போதும்.

இரண்டாவது, அளப்பது. ஒரு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, பள்ளியின் மொத்தக் குப்பையையும் மாலையில் ஒரு தார்ப்பாயில் கொட்டி, ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆறு குவியலாகப் பிரியுங்கள்: சோறும் காய்கறிக் கழிவும், சருகு, தாளும் அட்டையும், விற்கக்கூடிய கெட்டி பிளாஸ்டிக், மிட்டாய் சிப்ஸ் கவர், இவை எதிலும் சேராதது. ஒவ்வொரு குவியலையும் சாக்கில் கட்டித் தொங்கு தராசில் எடை பார்க்க வேண்டும். ஐம்பது கிலோ வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இந்தத் திட்டத்துக்கு வாங்கியதில் ஒரு ரூபாய்கூட வீணாகாத பொருள் அதுதான். மழை நாளில் தாள் ஈரம் குடித்து எடை கூடிவிடும், அதைக் குறிப்பேட்டில் தனியாக எழுதுங்கள். சிப்ஸ் கவரை எடை போடாமல் எண்ணுங்கள். ஐந்து ரூபாய்க் கவர் ஒன்று இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். எடைக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது, எண்ணிக்கையில்தான் அதன் முழு உருவம் தெரியும். சாப்பாட்டுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் எடையில் எப்போதும் அதுவே முதலிடத்தில் நிற்கும். இந்த ஒரு வாரக் கணக்கை வைத்துச் சராசரி, சதவீதம், பட்டை வரைபடம் எல்லாம் கணக்கு வகுப்பில் நடத்திவிடலாம். புத்தகத்து எண்ணைவிடத் தாங்களே நிறுத்த எண்ணின் மேல் பிள்ளைகளுக்கு உரிமை அதிகம். தவறாக எழுதினால் அவர்களே சண்டைக்கு வருவார்கள்.

அளந்து முடித்ததும் உரக்குழி தோண்டத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அதற்கு முன் தட்டில் மிஞ்சும் சோற்றைக் குறைக்க வேண்டும். சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் உட்காரவைத்துப் பேசாமல் இதில் ஓர் அடிகூட நகராது. கணக்கெடுப்பு தங்களைக் குறை சொல்லத்தான் என்று அவர்கள் நினைத்துவிட்டால், அப்புறம் அடுப்படிப் பக்கமே போக முடியாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே கரண்டி அளவு விழுவதுதான் பெரும்பாலும் காரணம். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் அரைக் கரண்டி, கேட்டால் மறுபடி. இப்படிப் பரிமாறினால் மிச்சம் குறைவதைத் தராசே காட்டும். ஆனால் இரண்டாம் முறை கேட்கும் குழந்தைக்கு "இல்லை" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. மதியச் சோற்றை நம்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குப்பையைக் குறைக்கிறோம் என்று ஒரு வயிறு காய்ந்தால் அந்தப் பாடமே வேண்டாம்.

அப்படியும் மிஞ்சும் சோறும் அரிசி கழுவிய தண்ணீரும் மாட்டுக்குப் போவதே நல்லது. நம் ஊரில் கழனித் தண்ணி எடுக்க வீடுவீடாக வந்த பழக்கம் அதுதான். ஆனால் வெந்த சோறு மொத்தமாக ஒரே மாட்டுக்குப் போனால் வயிற்றில் புளிப்பேறி, அசைபோடாமல் படுத்துவிடும். மாட்டுக்காரரிடம் இதைச் சொல்லி, இரண்டு மூன்று மாட்டுக்குப் பிரித்துத் தவிட்டோடு கலந்து வைக்கச் சொல்லுங்கள். முட்டை ஓடு, பிளாஸ்டிக் துண்டு எதுவும் அந்த வாளியில் விழக் கூடாது. வாளிக்கு மூடி போட்டு, அதற்கு ஒரு பிள்ளையை அல்ல, ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள்.

உரக்குழிக்கு மிஞ்சுவது காய்கறித் தோல், முட்டை ஓடு, தட்டில் பிசைந்த சோறு, சருகு. கிணற்றுக்குப் போடும் மூன்றடி விட்ட சிமெண்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கி, சுவரில் அரையடிக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளைகள் போட்டால் நல்ல தொட்டி ஆகும். அப்படி இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றது நிரம்பும். நிழலில், தண்ணீர் தேங்காத மேட்டில், வகுப்பறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆனால் ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அடியில் அரையடி உயரத்துக்குத் தென்னை மட்டைத் துண்டு, குச்சி போன்ற முரட்டுப் பொருள் வேண்டும், காற்று கீழிருந்து ஏற. பிறகு ஒரு வாளி ஈரக்கழிவுக்கு மூன்று வாளி சருகு. இந்த ஒன்றுக்கு மூன்று என்ற அளவை எந்தப் பிள்ளையிடம் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எருக்குழி நாறுகிறது என்று வரும் புகாரில் பெரும்பாலானது சருகு குறைந்ததால் வருவது. சாம்பார் சோற்றை அப்படியே கொட்டினால் அது களிபோல இறுகிக் காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத இடத்தில் அழுகல்தான் நடக்கும். சோற்றைத் துளைக்கூடையில் கொட்டித் தண்ணீரை வடித்து, சருகோடு பிசறி, பிறகு போடுங்கள். முதல் நாள் ஒரு கிலோ பச்சைச் சாணியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் கிளம்பும். காசு கொடுத்து வாங்கும் உயிரித் தூள் எதுவும் தேவையில்லை.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் சருகு போடுங்கள், கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிட வேண்டும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்திவைத்துக் கொஞ்சநேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி சுடுவது பிள்ளைகளுக்கு ஆச்சரியம். உயிர்கள் தின்று வேலை செய்வதால் வரும் சூடு அது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டால் அறிவியல் பாடத்தில் ஒரு பக்கம் முடிந்தது. கொழுத்த, தட்டையான, பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் அலற வேண்டாம். அது பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. கடிக்காது, கழிவைத் தின்றுதான் தீர்க்கும். கூட்டமாக வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இரண்டு வாளி சருகு மேலே மூடுங்கள். எலிக்கும் காக்கைக்கும் நாய்க்கும் அரை அங்குலக் கம்பி வலையில் மூடி போடுவது கட்டாயம். பிளாஸ்டிக் வலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும். நிரம்பிய பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசனை வரும். மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து, சல்லடையில் தங்கும் குச்சியையும் முட்டை ஓட்டையும் அடுத்த தொட்டிக்கே திருப்பிப் போடலாம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் சருகு. பங்குனியில் வேம்பும் புங்கனும் முற்றம் முழுக்க உதிர்க்கும்போது கூட்டி எரித்துவிடுகிறோம். ஐப்பசி மழையில் தொட்டி நாறும்போது ஒரு சாக்குச் சருகு கிடைக்காது. மாசி, பங்குனியிலேயே கிடைக்கிற சாக்கையெல்லாம் நிரப்பி மழை படாத கூரையடியில் அடுக்குங்கள். போதாவிட்டால் கயிறு திரிக்கும் ஊர்களில் தென்னை நார்த்தூள் மலிவாகக் கிடைக்கும்.

மண்புழு விஷயத்தில் நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள். உப்பும் எண்ணெயும் புளியும் கலந்த சத்துணவு மிச்சம் மண்புழுவுக்கு ஆகாது; பாதி மக்கி சூடு அடங்கிய பிறகுதான் அதற்கு உணவு. எறும்பு ஏறினால் ஒரே இரவில் காலி செய்துவிடும், சுற்றிலும் தண்ணீர்க் கால்வாய் வேண்டும். இதையெல்லாம் சமாளித்தாலும் மே மாதம் இருக்கிறது. பள்ளி பூட்டியிருக்கும், உணவு இல்லை, தண்ணீர் தெளிக்க ஆளில்லை, புழுப் படுக்கை 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஜூனில் கதவைத் திறந்தால் காய்ந்த தூசிதான் மிஞ்சும். காசு கொடுத்து வாங்கிய உயிர் அப்படிச் செத்துக் கிடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது தொண்டை அடைக்கும். கட்டாயம் வளர்க்க வேண்டுமென்றால் ஏப்ரலில் பக்கத்து விவசாயியிடம் புழுவைக் கொடுத்துவிட்டு ஜூனில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை முன்பே பேசிவிடுங்கள்.

தாள் சுலபம், காசும் தரும். வெள்ளைத் தாள், செய்தித்தாள், அட்டை மூன்றையும் தனித்தனியாகக் கட்டினால் காயலான் கடையில் விலை கூடும். கலந்தால் மிகக் குறைந்த விலைதான் மொத்தத்துக்கும். சுருள் கம்பியையும் பிளாஸ்டிக் பூசிய மேலட்டையையும் பிரித்துவிட வேண்டும். சின்னப் பின் இருந்தால் பரவாயில்லை. நனைந்த தாளை எடுக்க மாட்டார்கள். கரையான் ஏறாமல் இருக்க, தரையில் இரண்டு செங்கல், மேலே பலகை, அதன் மேல் கட்டு. பத்துப் பதினைந்து கிலோ சேர்ந்தால்தான் கடைக்காரர் வண்டி அனுப்புவார். விற்ற காசைப் பிள்ளைகளே ஒரு நோட்டில் வரவு எழுதி, கரும்பலகை ஓரத்தில் தொகையை எழுதிவையுங்கள். அதில் ஒரு ரூபாய் மறைந்தாலும் நம்பிக்கை போய்விடும். ஆனால் விற்பதற்கு முன் நோட்டின் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்கும் நோட்டு ஆகிறது. குறைப்பது முதலில், விற்பது பிறகு என்ற வரிசையை வாயால் சொல்வதைவிட இப்படிக் கையால் செய்துகாட்டுவதுதான் பதியும். ஆசிரியர்கள் டீக்கு வாங்கும் பால் கவரையும் கழுவிக் காயவைத்தால் வாங்கிக்கொள்வார்கள். நறுக்கும்போது மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஒட்டியபடி கீறுங்கள், அந்தச் சின்ன முக்கோணம்தான் எவர் கைக்கும் சிக்காமல் மண்ணில் சேர்கிறது.

சிப்ஸ் கவருக்கு வருவோம். உள்ளே பளபளவென்று உலோகப் பூச்சு, வெளியே அச்சு, நடுவில் பசை என்று பல அடுக்கு ஒட்டிய பொருள் அது. காயலான் கடை வாங்காது. சுத்தமாகச் சேர்த்துக் கொடுத்தால் உள்ளாட்சி அமைப்பு மற்ற எரியும் கழிவோடு சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பலாம்; அது மறுசுழற்சி ஆகாது, எரிப்பதுதான் என்று பிள்ளைகளிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். கவரைத் தண்ணீர் பாட்டிலில் திணித்துச் 'செங்கல்' செய்வது இப்போது பல பள்ளிகளில் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசுக்குப் போகும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, காசுக்குப் போகாத கவரோடு சேர்ந்து கெடுகிறது. அந்தச் செங்கலால் கட்டியது இடியும்போது மறுபடி குப்பைதான். அரை லிட்டர் பாட்டிலில் குறைந்தது 165 கிராம் அளவுக்கு இறுக்கினால்தான் அது அமுங்காமல் நிற்கும். பிள்ளைகள் கையால் அவ்வளவு இறுகுவது கடினம். 'வீண்பொருளில் கைவினை' போட்டிக்கும் இதே கதி. போட்டிக்கு முந்தின நாள் மாலை பெற்றோர் கடையில் புது பேப்பர் கப்பும் தெர்மாகோலும் மினுக்குத் தூளும் வாங்குகிறார்கள். பசையும் மினுக்கும் ஒட்டிய பிறகு அட்டையும் விற்காது, பாட்டிலும் விற்காது. போட்டி வைத்தே தீர வேண்டுமென்றால் பசை இல்லாமல், பிரித்தால் திரும்பப் பழைய பொருளே கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று விதி போடுங்கள். பழைய சீருடையில் பை தைப்பதற்குப் பரிசு கொடுங்கள்.

குறைப்பதில் பெரிய பலன் சின்ன வழக்கங்களை மாற்றுவதில் வரும். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். கண்ணாடிப் புட்டியில் விற்கும் கடலை மிட்டாயோ கொய்யாவோ கொடுக்கலாம் என்று ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து மைப்பேனா. வகுப்புக்கு ஒரு மைப்புட்டி ஆசிரியர் மேசையில். சட்டையில் மை கொட்டும் முதல் மாதத்தைப் பொறுத்துக்கொண்டால், தூக்கி எறியும் பேனா குவிவது நின்றுவிடும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் பள்ளிக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதா, தொட்டி எப்போது கழுவினார்கள் என்று பாருங்கள். குழாயைச் சரிசெய்யாமல் பாட்டிலைத் தடை செய்தால் பிள்ளைகள் தாகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி சொல்வதில் யாரும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. குப்பை பிரிக்கும் வேலையில் எந்தப் பிள்ளைகள் முதலில் கை தூக்குகிறார்கள், யாரை மற்றவர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று கூர்ந்து பாருங்கள். நம் ஊரில் குப்பைக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு வகுப்பறைக்குள்ளும் வரும். ஆகவே முறை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, ஒருவர் விடாமல். ஆசிரியர்களுக்கும் முறை உண்டு, முதல் நாள் தார்ப்பாயில் உட்கார வேண்டியவர் நாம்தான். தண்டனையாக ஒருநாளும் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. கழிப்பறையைப் பிள்ளைகளைத் தொடவிடக் கூடாது. தெருவில், குளக்கரையில் குப்பை பொறுக்க அழைத்துப் போகாதீர்கள். உடைந்த சீசாவும் ஊசியும் அங்கே கிடக்கும். பள்ளிக்குள்ளும் முழங்கை வரை ரப்பர் கையுறை. பெரியவர் அளவு பிள்ளைகள் கையிலிருந்து கழன்றுவிழும், சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். பிளேடு, உடைந்த கண்ணாடி எல்லாம் மூடியுள்ள தகர டப்பாவில். நாப்கின் இந்தக் கணக்கெடுப்பில் வரவே கூடாது. கழிப்பறைக்குள் காலால் திறக்கும் மூடித் தொட்டி, பக்கத்தில் சுற்றிப்போட வெட்டிவைத்த செய்தித்தாள், பொறுப்புக்கு ஒரு பெண் ஆசிரியர், தினமும் தனிக்கட்டாக வெளியேற்றம். தூய்மைப் பணியாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, கலந்து வரும் குப்பையில் தன் கையை எது கிழிக்கும் என்று அவரையே சொல்ல விடுங்கள். அவருக்கு நாற்காலி போடுங்கள். பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள்.

வகுப்பறைச் சோதனை ஒன்றை ஜூலையிலேயே தொடங்கிவிடலாம். வாழைப்பழத் தோல், நோட்டுத் தாள், பருத்தித் துணி, சீருடைத் துணி, பால் கவர், சிப்ஸ் கவர் ஆகியவற்றை உள்ளங்கை அளவு வெட்டி, ஒவ்வொன்றையும் நைலான் வலைத்துண்டில் முடிந்து, அரையடி ஆழத்தில் ஓரடி இடைவெளி விட்டுப் புதையுங்கள். வலை இல்லாமல் புதைத்தால் மக்கியதா, காணாமல் போனதா என்று பிறகு தெரியாது. அடையாளத்துக்குத் தாள் ஒட்டினால் அதுவும் மக்கிவிடும்; தகரத்தில் ஆணியால் எண் கீறிக் குச்சியில் கட்டுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தோண்டினால் தோல் இருந்த வலை காலியாக இருக்கும், சிப்ஸ் கவரில் விலைகூடப் படிக்க முடியும், பருத்தி நைந்திருக்கும், பாலியெஸ்டர் கலந்த சீருடைத் துணி அவ்வளவாக நைந்திருக்காது. பிளாஸ்டிக் மக்க இத்தனை நூறு ஆண்டு என்ற அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முதல் முழுச் செயற்கை பிளாஸ்டிக்கான பேக்கலைட் 1907-இல்தான் வந்தது, யாரும் அத்தனை நூற்றாண்டு காத்திருந்து பார்த்ததில்லை. தோண்டி எடுத்த கவரே போதும்.

கடைசியாக, ஏப்ரல். தேர்வு நெருக்கடியில் இதை விட்டால் ஜூனில் நாற்றமும் எலியும் வரவேற்கும். முழு ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே தொட்டிக்குள் ஈரக்கழிவு போடுவதை நிறுத்தி, மேலே நாலு விரல் சருகும் மண்ணும் மூடுங்கள். தேறிய உரத்தைச் சலித்து மரத்தடியில் போட்டுவிடுங்கள். தாள் கட்டுகளை விற்றுக் கணக்கை முடியுங்கள். தராசின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மே, ஜூனில் மாறுதல் கலந்தாய்வு வரும், நாமே வேறு பள்ளிக்குப் போகலாம். காயலான் கடைக்காரர், மாட்டுக்காரர், வண்டி ஓட்டுநர் ஆகியோரின் எண்கள், வண்டி வரும் கிழமை, முத்திரையிட்ட அந்தக் கடித நகல், ஒரு வார எடைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் ஒட்டி, தலைமை ஆசிரியர் பீரோவில் வைத்து, ஏழாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.